பவர் டூல் வந்த பெட்டி: எதை வைப்பது, எதை எப்போது வெளியேற்றுவது

புதிதாக டிரில் மெஷினோ கிரைண்டரோ வாங்குபவர்கள் பெட்டி விஷயத்தில் இரண்டு ஓரங்களில் போய் நிற்கிறார்கள். சிலர் வாங்கிய அன்றைக்கே அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நான்காம் நாள் சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) ஆடுகிறது என்று கடைக்கு எடுத்துப்போனால், "பெட்டியோடு கொண்டுவாங்க" என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். வேறு சிலர் எதையும் விடுவதில்லை. பரண் முழுக்கக் காலிப் பெட்டி, அதற்குள் தெர்மாகோல், அதற்குள் கரப்பான். எப்போதோ எரிந்துபோன சாண்டரின் பெட்டிகூட அங்கே பத்திரமாக இருக்கும்.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். 'பெட்டி' என்று எல்லாவற்றையும் ஒரே பொருளாக நினைக்கிறோம். ஒரு பவர் டூலோடு வருபவை ஐந்தாறு தனிப் பொருட்கள்: வெளி அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒட்டிய ஸ்டிக்கர், கருவியை அசையாமல் பிடித்திருக்கும் தெர்மாகோல் அல்லது காகிதக்கூழ் அச்சு, பில்லும் வாரண்டி கார்டும் கையேடும், துருப்பிடிக்காமலிருக்கச் சுற்றிய தாள் அல்லது பை, சில கருவிகளுக்குப் பிளாஸ்டிக் கேஸ். ஒவ்வொன்றின் வேலையும் வேறு, பயன்படும் காலமும் வேறு. முடிவையும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள எண்களைக் கருவி இருக்கும்வரை விடக்கூடாது. தெர்மாகோலைப் பெரும்பாலான கருவிகளுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை.

முதல் படி: திறக்கும் விதம்

வைப்பதா வேண்டாமா என்ற முடிவைத் திறக்கும் நாளிலேயே எடுக்காதீர்கள். இரண்டு வழியும் திறந்திருக்கும்படி பெட்டியைப் பிரித்தால் போதும்.

பேப்பர் கட்டரின் பிளேடை 2 மி.மீ. மட்டும் நீட்டுங்கள். சாதாரண நெளியட்டையின் கனம் 3 முதல் 4 மி.மீ.; சிறிய கருவிகள் வரும் மெல்லிய அச்சுப் பெட்டி 1.5 மி.மீ. அளவில்தான் இருக்கும். பிளேடை முழுதாக நீட்டி டேப்பின் நடுவே இழுத்தால், அட்டைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் மின்கம்பியின் மேலுறையில் கீறல் விழும். முதல் நாளே ஒயரில் வெட்டு விழுந்த கருவிக்கு வாரண்டி பேசுவது கடினம். மெல்லிய பெட்டியில் கட்டரை எடுக்கவே வேண்டாம்; டேப்பின் முனையை நகத்தால் கிளப்பி உரித்துவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் எதையும் வெளியே எடுப்பதற்கு முன் மேலிருந்து ஒரு படம். முதல் அடுக்குத் தெர்மாகோலை எடுத்தபின் இன்னொன்று. கருவியை எடுத்து வைத்த பிறகு காலிக் குழிகளைப் பார்த்து மூன்றாவது. எந்தத் துண்டு எந்தப் பக்கம், ஒயர் எந்தக் குழியில் என்பது ஒரு வருடம் கழித்துத் திரும்பக் கட்டும்போது நினைவிருக்காது. மூன்று படம் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

அடுத்து, தெர்மாகோலின் எல்லாக் குழிகளிலும் கைவிட்டுப் பாருங்கள். புதியவர்களுக்கு அதிகம் நேரும் இழப்பு இங்கேதான். ஆங்கிள் கிரைண்டரில் டிஸ்க்கைக் கழற்றும் 'பின்' ஸ்பேனரும் பக்கக் கைப்பிடியும் தெர்மாகோலின் அடிப்பக்கக் குழியில் இருக்கும். இம்பாக்ட் டிரில்லில் ஆழம் அளக்கும் கம்பியும் சக் சாவியும். ஜிக்சாவில் நகத்தளவே இருக்கும் சிதறல் தடுப்புப் பிளாஸ்டிக், அலன் கீ. சர்குலர் சாவில் இணைக் கைடு, தூசி வெளியேற்றும் குழாய்முனை. சில நிறுவனங்கள் ஒரு ஜோடி உபரி கார்பன் பிரஷ்ஷை (மோட்டாருக்கு மின்சாரம் கடத்தித் தேயும் துண்டுகள்) சின்ன பாலிதீன் உறையில் போட்டு, கையேட்டின் மடிப்புக்குள் செருகியிருப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளே இருப்பவற்றின் பட்டியலோ படமோ அச்சிட்டிருக்கும். அதை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி முடித்த பிறகே பெட்டி அந்த அறையைவிட்டு வெளியே போகலாம்.

இரண்டாம் படி: எண்களைக் காப்பாற்றுங்கள்

பெட்டியில் மிக மதிப்பான பகுதி ஒரு தீப்பெட்டி அளவு ஸ்டிக்கர். மாடல் எண், சீரியல் நம்பர், தயாரித்த மாதம் ஆகியவை அதில்தான் இருக்கின்றன. 'கருவியின் நேம் பிளேட்டிலேயே அதெல்லாம் இருக்கிறதே' என்று தோன்றும். ஒரு வருடம் கான்கிரீட் துளைத்த டிரில்லின் நேம் பிளேட்டைப் பாருங்கள். கை படும் இடத்திலேயே அது ஒட்டப்பட்டிருக்கும். வியர்வை, கிரீஸ், சிமென்ட் தூசி சேர்ந்து முதலில் அழிவது சீரியல் நம்பரின் கடைசி எண்கள். சர்வீஸ் சென்டரில் எண் படிக்க முடியவில்லை என்றால் வாரண்டி கேட்பதே சிக்கலாகிவிடும்.

இன்னொரு குழப்பம்: பெட்டியில் பெரிதாகத் தெரியும் 13 இலக்கப் பார்கோடு சீரியல் நம்பர் அல்ல. அது அந்த மாடலுக்கே பொதுவானது. ஒரே மாடலின் ஆயிரம் பெட்டிகளிலும் அதே எண்தான். உங்கள் கருவிக்கென்று உள்ள எண் தனியாக, பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். கருவியில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று வாங்கிய அன்றே ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அன்றே விற்றவரிடம் கேட்க வேண்டும். பெட்டி மாறிப்போயிருக்கலாம், யாரோ திருப்பிக் கொடுத்த கருவியாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம்.

சில நிறுவனங்கள் மாடல் பெயருக்கு அப்பால் 'டைப்' என்றொரு எண்ணும் போடுகின்றன. ஒரே மாடலின் டைப் 1-க்கும் டைப் 2-க்கும் ஆர்மேச்சரோ (மோட்டாரின் சுழலும் பகுதி) சுவிட்சோ வேறாக இருக்கலாம். மாடல் பெயரை மட்டும் சொல்லி உதிரிபாகம் வாங்கி, பொருந்தாமல் திரும்பி வருவது இதனால்தான். ஆகவே படம் எடுக்கும்போது நேம் பிளேட்டின் எல்லா வரிகளும் தெரிய வேண்டும்.

பில்லைத் தனியாகக் கவனியுங்கள். பல கடைகளின் பில் வெப்பத்தாளில் அச்சாகிறது. மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சு மட்டுமே. வெயிலிலும் புழுக்கத்திலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். அதைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து மெத்தென்ற பிவிசி உறைக்குள் போட்டால் இன்னும் வேகமாக அழியும்; உறையிலிருந்து கசியும் மென்மையாக்கிகள் அந்தப் பூச்சைக் கெடுக்கின்றன. சூடான லேமினேஷன் செய்தாலோ தாள் முழுக்கக் கறுத்துப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து, முடிந்தால் சாதாரண தாளில் ஒரு நகலும் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஸ்டிக்கரை அட்டையோடு சேர்த்துச் சதுரமாக வெட்டிக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டலாம். ஆனால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குமுன் வெட்டாதீர்கள். ஸ்டிக்கர் வெட்டிய பெட்டியைக் கடைக்காரர் சேதமானதாகவே கணக்கிடுவார். அதுவரை படம் போதும்.

மூன்றாம் படி: இரண்டு கெடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் கெடு, திருப்பிக் கொடுக்கும் காலம். ஒவ்வொரு விற்பனையாளருக்கும் இது மாறும். பில்லின் பின்புறத்திலோ ஆர்டர் விவரத்திலோ இருக்கும். இந்தக் காலம் முடியும்வரை டேப் துண்டு, கம்பி முடிச்சு தவிர எதையும் வெளியேற்றக்கூடாது. தெர்மாகோல், பாலிதீன் உறை, துணைப் பொருட்கள் எல்லாம் வந்தபடியே இருந்தால்தான் பெரும்பாலான இடங்களில் பொருளை முழு விலைக்குத் திரும்ப எடுப்பார்கள்.

அதனால் இந்த நாட்களைக் கருவியைச் சோதிக்கப் பயன்படுத்துங்கள். முதல் மூன்று நான்கு நாட்களிலேயே உண்மையான வேலையில் ஓட்டிப் பாருங்கள். வேகக் கட்டுப்பாடு குறைந்த வேகத்தில் துள்ளாமல் ஓடுகிறதா, ஹாமர் முறைக்கு மாற்றும்போது கியர் சிக்குகிறதா, கார்பன் பிரஷ் பக்கத்துத் துளைகளில் தீப்பொறி வளையமாகச் சுழல்கிறதா, இரண்டு பேட்டரியும் முழுதாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். கருவியைத் திறக்காமலேயே வைத்திருந்து கெடு முடிந்த மறுநாள் குறை கண்டுபிடித்தால், பெட்டியைக் காப்பாற்றியதில் பயனே இல்லை.

இரண்டாவது கெடு, வாரண்டி. இதற்குப் பெட்டி வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பொதுவாக உற்பத்தி நிறுவனத்தின் வாரண்டிக்குத் தேவைப்படுபவை வாங்கிய தேதி தெரியும் பில்லும், படிக்கக்கூடிய சீரியல் நம்பரும்தான். பெட்டி கேட்பவர் விற்பனையாளர். சர்வீஸ் சென்டர் கேட்பது அபூர்வம். ஆனாலும் உங்கள் வாரண்டி கார்டை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள். அதைப் படிக்கும்போதே இன்னொரு வரியும் கண்ணில் படும்: கூடுதல் வாரண்டி வேண்டுமானால் வாங்கிய 4 வாரம் அல்லது 30 நாளுக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. பெட்டியைப் பத்து வருடம் வைத்திருந்துவிட்டு இந்தப் பதிவை விட்டவர்கள் நிறைய.

நான்காம் படி: இந்தக் கருவி பயணம் போகுமா?

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்தபின் அட்டையையும் தெர்மாகோலையும் வைத்திருக்க உண்மையான காரணம் ஒன்றுதான். கருவியை வேறொருவர் கையில் கொடுத்து அனுப்ப நேருமா? சர்வீஸுக்குக் கூரியரில் போகுமா, வீடு மாறுமா, விற்பனைக்குப் போகுமா? அப்படிப் போனால், வந்த அச்சு இல்லாமல் அதைப் பத்திரமாகக் கட்ட முடியுமா?

டிரில், 4 அங்குல கிரைண்டர், ஜிக்சா, சாண்டர், ஹீட் கன் போன்ற கையடக்கக் கருவிகளுக்கு இரண்டாவது கேள்விக்கான பதில் 'முடியும்'. கனத்த துணியில் சுற்றி, ஏதாவது ஒரு கெட்டியான பெட்டியில், சுற்றிலும் நொறுக்கிய தாள் திணித்தால் போதும். கெடு முடிந்ததும் இவற்றின் பெட்டியைத் தயங்காமல் வெளியேற்றலாம்.

சட்டங்களைக் கோணம் வைத்து வெட்டும் மேசை ரம்பமான மைட்டர் சா அப்படியல்ல. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 10 அங்குல பிளேடு கொண்ட சறுக்கு வகை மைட்டர் சா சுமார் 20 கிலோ அல்லது அதற்கு மேல். அது பெட்டியிலிருந்து வரும்போது தலைப்பகுதி கீழே அழுத்தப்பட்டுப் பூட்டு ஊசி செருகியிருக்கும். சறுக்குத் தண்டுகள் பின்னே தள்ளி இறுக்கப்பட்டிருக்கும். சுழல் மேசை பூட்டப்பட்டிருக்கும். தெர்மாகோல் அச்சு அந்த ஒரே நிலைக்கு மட்டும் வார்க்கப்பட்டது. அடித்தளத்தின் நான்கு கால்களையும் மோட்டாரின் அடியையும் தனித்தனியாகத் தாங்குகிறது. இந்த அச்சு இல்லாமல் துணி சுற்றிப் பெட்டியில் போட்டால், வழியில் ஒருமுறை சாய்த்து வைத்தாலே மோட்டாரின் முழு எடையும் சாய்வுக் கீலில் விழும். கீல் அலுமினியம் அல்லது மெக்னீசியம் வார்ப்பு. வளைந்து கொடுக்காது, வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் மரத்தை அணைத்து நிறுத்தும் முட்டுப்பலகை கோணம் தப்பும். அதன்பின் 90 டிகிரி என்று வெட்டிய சட்டத்தின் மூலையில் இடைவெளி தெரியும். ஆகவே மைட்டர் சா, டேபிள் சா, பெஞ்ச் கிரைண்டர், பிளேனர் போன்ற எடையும் நீட்டல்களும் உள்ள கருவிகளின் தெர்மாகோல் அச்சை வாரண்டி முடியும்வரையாவது வைத்திருங்கள். வீடு மாறும் வாய்ப்பு இருந்தால் அதற்குப் பிறகும் வைத்திருங்கள்.

சுவரில் மட்டக்கோடு காட்டும் லேசர் லெவல் இன்னொரு விதிவிலக்கு. எடை கொஞ்சம்தான். ஆனால் உள்ளே ஊசல் ஒன்று தொங்குகிறது. தானாக மட்டம் பார்ப்பது அதுதான். பல கருவிகளில் துல்லியம் மீட்டருக்கு 0.3 மி.மீ. என்று குறிப்பிட்டிருக்கும், ஒரே ஒரு மோசமான விழுதலில் அது போய்விடும். பெட்டியோடு வந்த கேஸ், அதற்குள் வெட்டிய ஸ்பாஞ்ச் இரண்டையும் கருவி இருக்கும்வரை வைத்திருங்கள். உள்ளே வைக்கும்போது ஊசல் பூட்டை மறக்காமல் போட வேண்டும்.

பேட்டரிக் கருவிகளில் பேட்டரியை மட்டும் தனியாக யோசியுங்கள். லித்தியம் பேட்டரியை அனுப்புவதற்கு உலகளாவிய விதிகள் உள்ளன. தனியாகப் போகும் லித்தியம்-அயான் பேட்டரிக்கு யூஎன் 3480 என்றும், கருவியோடு சேர்ந்து போனால் யூஎன் 3481 என்றும் குறியீடு. உங்கள் பெட்டியின் வெளிப்புறத்தில் சிவப்புக் கோடிட்ட ஓரத்தோடு இந்த எண் இருப்பதைப் பார்க்கலாம். எல்லையாக வைத்திருப்பது 100 வாட்-ஹவர். வோல்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கிக் கணக்கிடலாம்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 90 வாட்-ஹவர், 6 ஆம்பியர்-ஹவர் என்றால் 108, எல்லையைத் தாண்டிவிட்டது. சர்வீஸ் சென்டர் பேட்டரி கேட்கவில்லை என்றால் அதை அனுப்பவே வேண்டாம். வீங்கிய, கசிந்த, விழுந்து உடைந்த பேட்டரியை எந்தப் பெட்டியில் வைத்தாலும் கூரியரில் போடக்கூடாது. பேட்டரியின் முனைகளை மூடி வரும் சின்னப் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இருக்கும். எல்லோரும் முதல் நாளே எறிவது அதைத்தான். வைத்திருக்க வேண்டியதும் அதுதான். தொப்பியில்லாத பேட்டரி ஒரு கை ஆணிகளோடு ஒரே கேஸில் கிடந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

பிளாஸ்டிக் கேஸ் தனிக் கணக்கு

அட்டையை விட்டுவிட்டுக் கேஸை வைத்திருக்கலாம் என்பதுதான் பொதுவான யோசனை. பாதி சரி. கருவியின் வடிவத்துக்கே ஊதி வார்த்த கேஸ்களில் ஒரு குறை உண்டு. அவை அந்தக் கருவிக்கு மட்டுமே, அது வந்த நிலைக்கு மட்டுமே பொருந்தும். பெரிய பேட்டரி வாங்கினால் மூடி மூடாது. ஒயரை ஒருமுறை வேறு விதமாகச் சுற்றினால் கொக்கி ஏறாது. அழுத்தி மூடுவார்கள், அழுத்தம் ஒயர் கருவிக்குள் நுழையும் ரப்பர் கழுத்தில் விழும். அங்கேதான் உள்கம்பி முறியும். கேஸ் தினமும் திறந்து மூட எரிச்சலாக இருந்தால் நீங்கள் அதை உபயோகிக்கப் போவதில்லை. வாரம் ஒருமுறையாவது கருவி வெளியே வேலைக்குப் போகிறது என்றால் வைத்திருங்கள். பட்டறைச் சுவரில் தொங்கும் கருவிக்குக் கேஸ் வீண்.

ஒன்றன்மேல் ஒன்று பூட்டி அடுக்கும் வகைக் கேஸ்கள் வேறு. உள்ளே இருக்கும் அச்சுத்தட்டை எடுத்துவிட்டால் எந்தக் கருவிக்கும், திருகாணிகளுக்கும் பயன்படும். அவற்றை விடாதீர்கள். அச்சுத்தட்டில் மட்டும் எந்த மாடலுக்கானது என்று எழுதி வையுங்கள்.

கேஸால் வரும் பெரிய கேடு ஈரம். வேலை முடிந்த சூட்டோடு கருவியை உள்ளே வைத்து மூடினால், உள்ளே அடைபட்ட காற்று குளிரும்போது நீர் துளிர்க்கும். ஸ்பாஞ்ச் வைத்த கேஸில் அந்த நீர் ஸ்பாஞ்சில் ஏறி, சக்கின் தாடைகளிலும் பிளேடிலும் பழுப்புப் புள்ளிகளாக வெளிப்படும். கருவி ஆறியபின், உலர்ந்த துணியால் துடைத்து, பிறகே மூடுங்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது தன் எடையில் 30 முதல் 40 சதவீதம் தண்ணீரைத்தான் பிடிக்கும். 2 கிராம் பொட்டலம் ஒரு கிராம் நீரைக்கூடத் தாங்காது. வாங்கிச் சில நாளிலேயே அது நிறைந்துவிட்டிருக்கும்.

துருத்தடுப்புத் தாள் அல்லது பை, பெரும்பாலும் பழுப்பாகவோ நீலமாகவோ இருக்கும், மூடிய நிலையில் மட்டுமே வேலை செய்யும். அதிலுள்ள மருந்து மெதுவாக ஆவியாகி இரும்பின் மேல் படிகிறது. பிரித்துப் பரப்பி வைத்த தாளில் ஒன்றும் மிஞ்சாது. அடிக்கடி எடுக்காத பிளேடுக்கு, பையை மடித்து மூடியே வைத்திருங்கள், மற்றபடி போட்டுவிடலாம்.

வெட்டும், தேய்க்கும் டிஸ்க்குகளின் உறையை மட்டும் எப்போதும் வைத்திருங்கள். கையில் பிடிக்கும் கிரைண்டருக்கான ரெசின் டிஸ்க்கின் நடு உலோக வளையத்தில் காலாவதி மாதம் அடித்திருக்கும். எடுத்துக்காட்டாக வி 04/2027. பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 வருடம். ஈரத்தில் ரெசின் பலம் குறையும், சுழலும்போது டிஸ்க் சிதறும். உறையோடு தட்டையாக, உலர்வாக வைக்க வேண்டும்.

வைப்பதென்றால் இப்படி வையுங்கள்

அட்டைப்பெட்டியை மடித்துத்தான் வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 35 செ.மீ. நீளம், 14 அகலம், 12 உயரம் உள்ள கிரைண்டர் பெட்டி 5.9 லிட்டர் இடம் பிடிக்கிறது. மேலும் கீழும் டேப்பை வெட்டித் தட்டையாக்கினால் 49-க்கு 26 செ.மீ. பலகை, கனம் 8 மி.மீ. என்று வைத்தாலும் ஒரு லிட்டர்தான். ஒட்டிய மூலையைப் பிரிக்காதீர்கள். டேப்பை மட்டும் வெட்டினாலே மடியும்.

தெர்மாகோலை மடிக்க முடியாது. அது ஏறக்குறைய 98 சதவீதம் காற்று. இடத்தை அடைப்பது மட்டுமே அதன் சேமிப்புக் குணம். அதனால்தான் கனமான கருவிகளுக்கு மட்டும் என்று மேலே சொன்னது. வைக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் மார்க்கரால் மாடலையும் 'மேல்', 'கீழ்', 'இடது' என்றும் எழுதிவிடுங்கள். ஸ்பிரிட் வகை மார்க்கர் அதைக் கரைக்கிறதா என்று ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கருவியை மாதக்கணக்கில் தெர்மாகோல் அச்சுக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். மின்கம்பியின் பிவிசி மேலுறையில் உள்ள மென்மையாக்கி, தொட்டுக்கொண்டிருக்கும் தெர்மாகோலுக்குள் கசிந்து அதைக் கரைக்கும். எடுத்துப் பார்த்தால் ஒயர் குழைந்த வெள்ளைப் பசையில் புதைந்து ஒட்டியிருக்கும். பிய்த்து எடுக்கும்போது மேலுறை கடினப்பட்டு வெடிப்பு விட்டிருப்பதும் உண்டு. இடையில் காகிதம் சுற்றினால் இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல், தின்னர் படிந்த கருவியையும் தெர்மாகோலில் வைக்க வேண்டாம், அது உருகிவிடும்.

இடம் உலர்ந்ததாக இருக்க வேண்டும். நெளியட்டை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்த இடத்தில் அதன் தாங்கும் பலம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அடுக்குகளை ஒட்டியிருப்பது மாவுப்பசை. கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அதுதான் உணவு, கரையானுக்கு அட்டையே உணவு. தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், சுவரைத் தொடாமல், நட்டமாக அடுக்குங்கள். நனைந்து உலர்ந்த பெட்டி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கூரியருக்கு உதவாது. அதைப் போட்டுவிடுங்கள்.

அனுப்பும் நேரத்தில்

வந்த பெட்டியிலேயே போட்டு டேப் ஒட்டி அனுப்புவதில் ஆபத்து உண்டு. கடை அடுக்கில் அழகாக இருக்கச் செய்த அச்சுப் பெட்டி, தனியாகத் தூக்கி எறியப்படுவதைத் தாங்காது. உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் வழியெங்கும் சொல்லிக்கொண்டே போகும். எழுத்தில்லாத இன்னொரு பெட்டிக்குள் அதை வைத்து, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு நொறுக்கிய தாளால் இறுக்கமாக நிரப்புங்கள். பிளாஸ்டிக் கேஸையும் வெறுமனே அனுப்பக்கூடாது; முதல் இடியில் கொக்கி திறந்துகொள்ளும்.

கட்டுவதற்கு முன் டிரில் பிட், டிஸ்க், பிளேடு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் கருவி என்றால் எரிபொருளும் எண்ணெயும் முழுதாக வடிக்கப்பட்டு ஒரு நாள் திறந்து உலர வேண்டும். பக்கக் கைப்பிடி, சக் சாவி, கைடு போன்றவற்றைச் சர்வீஸ் சென்டர் கேட்டாலொழிய அனுப்ப வேண்டாம். அவைதான் திரும்பி வராமல் போகும். 48 மி.மீ. டேப்பை நடுக்கோட்டிலும் இரண்டு ஓரங்களிலும் ஒட்டுங்கள், மேலும் கீழும். கையில் எடுத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் ஓசை கேட்டால் பிரித்து மறுபடி நிரப்ப வேண்டும்.

மறுவிற்பனைக்காகப் பெட்டி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்குபவருக்கு நம்பிக்கை தருவது, கருவியின் எண்ணோடு பொருந்தும் பெட்டி ஸ்டிக்கர், பில், முழு எண்ணிக்கையில் துணைப் பொருட்கள். கேஸ் இருந்தால் விலை கொஞ்சம் ஏறும். வெறும் அட்டைக்காக யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் விற்கும் எண்ணம் இருந்தால் மடித்து வைக்கலாம். ஐந்து வருடம் உழைக்கப்போகும் கருவிக்கு வேண்டாம்.

வெளியேற்றும்போது

சீரியல் ஸ்டிக்கர் ஒட்டிய முழுப் பெட்டியை வெளியே விடக்கூடாது. உண்மையான காலிப் பெட்டிக்குப் போலிக் கருவி விற்பவர்களிடம் தேவை இருக்கிறது. ஸ்டிக்கரை வெட்டி எடுத்து, பெட்டியின் நடுவே கத்தியால் இரண்டு கீறல் போட்டு, அச்சுப் படம் உள்பக்கம் போகும்படி மடித்துக் கட்டுங்கள். வாசலில் புத்தம்புதுக் கருவியின் பெட்டி கிடந்தால், வீட்டுக்குள் என்ன வந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அட்டை பழைய பேப்பரோடு போகும். டேப்பை உரித்துவிட்டால் நல்லது. கேஸின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும்: 2 என்றால் எச்டிபிஇ, 5 என்றால் பாலிபுரோப்பிலின். இரண்டையும் பெரும்பாலான பழைய பிளாஸ்டிக் வாங்குபவர்கள் எடுப்பார்கள். தெர்மாகோலின் எண் 6, எல்லோரும் எடுப்பதில்லை. உடைத்துத் தூளாக்காமல் முழுத் துண்டாகக் கட்டிக் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். கரும்புகையில் நச்சு வாயுக்கள் வரும்.

ஏற்கெனவே பரண் நிறைந்திருப்பவர்கள் ஒரு விடுமுறை மதியத்தில் இதை முடிக்கலாம். எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். கருவியே இல்லாத பெட்டிகள் முதலில் வெளியே. அடுத்து, ஒவ்வொரு பெட்டியின் குழிகளிலும் கைவிட்டுத் தேடுங்கள். தொலைந்ததாக நினைத்த ஸ்பேனர் ஒன்றாவது கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த கையடக்கக் கருவிகளின் ஸ்டிக்கரை வெட்டிக்கொண்டு பெட்டியை விடுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மைட்டர் சா அச்சு, ஒரு லேசர் கேஸ், வாரண்டியில் உள்ள கனமான கருவிகளின் இரண்டு மூன்று மடித்த அட்டைகள். லேசர் கேஸைத் தவிர மற்ற ஒவ்வொன்றின்மேலும் வாரண்டி முடியும் மாதத்தையும் வருடத்தையும் கொட்டை எழுத்தில் எழுதி, எழுத்து வெளியே தெரியும்படி அடுக்குங்கள். அந்த மாதம் வந்ததும், கெடு முடிவதற்கு முன் கருவியை ஒருமுறை முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியை இறக்கிவிடலாம்.